மேலே காய்ந்த மண், உள்ளே ஈரம்



ஒருமுறை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான ஹதீஸ் இது.

இன்று புறநகரில் மனை விற்கும் இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். கட்டட இடிபாடுகளைக் கொட்டி, மேலே செம்மண் பரப்பி, கல் நட்டிருப்பார்கள். மேலே காய்ந்த மண். உள்ளே ஏரி!

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 1965 வாக்கில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் சேரும். அல்லாஹ் அமைத்த வடிகால் அது. அதில் ஒரு பக்கம் குப்பை மலை, இன்னொரு பக்கம் சாலைகள், அலுவலகங்கள், அடுக்குமாடிகள். மிச்சம் இருப்பது சிறு பகுதிதான். அதற்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் 2015 டிசம்பரில் படகில் மக்களை மீட்ட அதே நகரத்துக்கு, 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நான்கே வருடம். தண்ணீர் தங்கும் இடத்தை அடைத்தால் மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி. இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

"பட்டா இருக்கிறது, ஹஸ்ரத்" என்பீர்கள். சரி. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நினைவில் வையுங்கள். வாதத் திறமையால் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமை தீர்ப்பாகக் கிடைத்துவிட்டால், அது நெருப்புத் துண்டுதான் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், தாலுகா அலுவலக முத்திரை ஆக்கிவிடுமா?

ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்றொரு சட்டம் உண்டு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தேவையான சுற்றுப்பகுதி அது. அதை யாரும் சொந்தமாக்க முடியாது. ஆற்றின் ஹரீமில் கட்டியது பள்ளிவாசலாக இருந்தாலும் அகற்ற வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்கே சலுகை இல்லை. ஏரியின் வரத்துக் கால்வாயும் கலங்கலும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதே என் கருத்து. அங்கே சுவர் எழுப்பினால், கீழ்த்தெருவில் ஒரு விதவையின் வீட்டுக்குள் தண்ணீர் போகும். அது அவர் மீதான அநியாயம். தஹஜ்ஜத் தொழுதாலும் அந்த ஹக்கு தீராது.

மனைத் தரகு செய்யும் சகோதரர்கள் முதல் ஸஃப்பிலேயே இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் நிற்கும் இடம் என்று தெரிந்தும் சொல்லாமல் வாங்கும் கமிஷனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வாங்குபவரே, முன்பணம் கொடுக்கும் முன் மூலப்பத்திரத்தோடு பழைய கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். நீர்நிலை, ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருந்தால் விலகிவிடுங்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கைகாட்டுவார்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளை ஹலாலான மண்ணில் அமைத்துத் தருவாயாக. ஆமீன்.