நாணயமான சந்தேகம்

போன மாதம் ஒரு துக்க வீடு. இறந்தது இருபத்திரண்டு வயதுப் பையன். பைக் விபத்து. அடக்க ஆராதனையை நடத்திய போதகர் எனக்கு நீண்ட நாள் பழக்கம். அறுபதைத் தொடுகிறவர். பையனின் அம்மா தலையில் கைவைத்து அவர் ஜெபித்தபோது, சர்ச் பக்கமே போகாத எனக்கும் கண் கலங்கியது.

திரும்பும்போது காரில் அவரே ஆரம்பித்தார்.

“தம்பி, ‘கர்த்தர் பார்த்துக்குவார்’னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரியில எனக்கே ஜெபம் வரமாட்டேங்குது. மூணு மாசமா இப்படித்தான். நான் பண்றது ஊழியமா, மோசடியா?”

பி.காம். படித்த பத்திரிகைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? “டென்ஷன் ஆகாதீங்க ஐயா” என்று மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. உங்களையும் விடாது. பிள்ளையிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிவிட்டு, தனியே போய் நடுங்கிய அப்பாக்கள்தானே நாமெல்லாம்!

அப்போதுதான் இன்னொரு போதகர் ஞாபகம் வந்தார். டீட்ரிக் போன்ஹோஃபர். ஜெர்மனிக்காரர். ஹிட்லருக்குத் தலையாட்ட மறுத்த சபையினரோடு நின்றவர். இளம் போதகர்களுக்காக அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியை 1937-ல் ரகசியப் போலீஸ் இழுத்து மூடியது. அதே வருடம் வெளிவந்த தன் புத்தகத்தில், எந்த விலையும் கொடுக்காமல் எதிர்பார்க்கிற கிருபையை ‘மலிவான கிருபை’ என்று விளாசியிருந்தார்.

எழுதுவது சுலபம். பரீட்சை 1939 ஜூனில் வந்தது. நண்பர்கள் ஏற்பாட்டில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வேலை, பாதுகாப்பு எல்லாம் தயார். மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் ஜனங்களின் கஷ்டத்தில் பங்கெடுக்காதவனுக்கு, யுத்தம் முடிந்தபின் அவர்களைத் தூக்கி நிறுத்த என்ன உரிமை? இதுதான் அவர் வாதம். ஒரு மாதம்கூட முழுசாகத் தங்கவில்லை. ஜூலையில் கப்பலேறிவிட்டார். செப்டம்பரில் யுத்தம்.

பிறகு ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தார். கொலை பாவம் என்று போதிக்கிறவர் கொலைச் சதியிலா? அதைப் புண்ணியம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. குற்றம்தான், அந்தப் பாரத்தையும் சுமக்கத்தான் வேண்டும் என்று நினைத்தார். 1943 ஏப்ரலில் கைது.

சிறையில் மற்றவர்களுக்கு அவர்தான் தைரியம். ஆனால் 1944-ல் அங்கே அவர் எழுதிய ‘நான் யார்?’ கவிதையின் விஷயம் என்ன தெரியுமா? பிறர் பார்க்கிற திடமான ஆளா நான், இல்லை, ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் களைத்துப்போன ஆளா? இரண்டில் எது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைக் கடவுளிடம் விட்டுவிட்டார்.

1945 ஏப்ரல் 9. ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கு. வயது 39. இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

எனக்குத் தெரிந்த வியாபார பாஷையில் சொல்கிறேன். கையிருப்பு வேறு, நாணயம் வேறு. கல்லாவில் ரொக்கம் குறைந்த மாதத்திலும், சொன்ன தேதியில் சொன்னதைக் கொடுக்கிற வியாபாரியை மோசடிக்காரன் என்பதில்லை. நாணயஸ்தன் என்கிறோம். விசுவாசம் ஏறும், இறங்கும். அது கையிருப்பு. அடிபட்டவர் பக்கத்தில் போய் நிற்பது நாணயம். இல்லாத நிச்சயத்தை இருப்பதாகச் சத்தியம் பண்ணினால், தான் கொடுக்காத விலையை அடுத்தவனைக் கொடுக்கச் சொன்னால், அதுதான் மோசடி.

போதகருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்போ அந்தம்மாகிட்ட, ‘ஏன்னு எனக்கும் தெரியலைம்மா’ன்னு சொல்லலாமா தம்பி?”

“சொல்லுங்க ஐயா. ஆனா சொல்லிட்டு உடனே எழுந்து வந்துடாதீங்க.”

அந்த வாரமே மறுபடி அந்த வீட்டுக்குப் போனாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.