காத்திருப்பது கடனா, கருணையா?

மேட்டுப்பாளையத்தில் அலுவல் ஒன்றை முடித்துக்கொண்டு பேருந்தில் கோத்தகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிசம்பர் மாதத்துப் பிற்பகல். குஞ்சப்பனையைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேலே சாலையில் மரம் ஒன்று சாய்ந்துவிட்டதாகச் சொல்லி, அரவேணுவில் வண்டியை நிறுத்திவிட்டனர். இறங்கித் தேநீர்க் கடைக்குள் நுழைந்தபோது, அதன் தாழ்வாரத்தில் மிதிவண்டிப் பயணிகள் எழுவர் சொட்டச் சொட்ட நனைந்து ஒண்டி நிற்பதைக் கண்டோம். விடியலில் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டவர்கள். எட்டாமவர் இன்னும் வந்து சேரவில்லை.

அவர்களுள் இளையவன் முதலில் ஏறி வந்தவன். அரை மணி நேரத்திற்கும் மேலாக நிற்கிறான். பல் கிட்டியது, தேநீர்க் குவளையைப் பிடிக்க விரல் வளையவில்லை. "வந்துருவாருங்கண்ணா, நாம கெளம்பலாம்" என்றான். மூத்தவரோ, "சேந்து வந்தோம், சேந்தே போலாம் தம்பி" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் பட்டது. அதுதான் சங்கடம்.

இந்தச் சாலையை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகை அளவில் வெப்பம் குறையும். ஆடி மழையைத் தொட்டபெட்டா பெரிதும் தடுத்துவிடுவதால், மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்திற்கு வடகிழக்குப் பருவமே மழைக்காலம். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மக்கள் மறக்கவில்லை. இங்கே மழையை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார்.

சமவெளியில் மிதிவண்டிக் கூட்டத்திற்கு ஒரு வசதி உண்டு. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பில் கால் பங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும். ஒருவர் உழைப்பு மற்றவர் உடலில் சேர்வதைக் கண்ணால் காணலாம். மலைச்சரிவில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. வேகம் குறைந்த இடத்தில் காற்று ஒரு பொருட்டன்று. அவரவர் எடையை அவரவரே மேலே தூக்க வேண்டும். அதன்பின் ஒருவர் மற்றவருக்குத் தரக்கூடியது காத்திருத்தல் ஒன்றே.

இக்கேள்வி நமக்கு முன்பே பலரைப் பிரித்திருக்கிறது. 1897-இல் இத்தாலியர் சிலர் உரோமையிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டரை ஒரே பகலில் கடக்க முனைந்தனர். துணிவுள்ளோர் எனும் பொருளில் அவர்களுக்கு 'ஆடாக்ஸ்' எனப் பெயர் வந்தது. 1904-இல் அம்முறையைப் பிரான்சுக்குக் கொணர்ந்தவர் ஆன்றி தெகிரான்ஜ். தலைவர் ஒருவர் குறித்த வேகத்தில் நடத்துவார். அனைவரும் ஒன்றாகவே செல்ல வேண்டும். 1921-இல் பிளவு ஏற்பட்டது. பாரிசுக் கழகத்தார் ஒவ்வொருவரும் தம் வேகத்தில் செல்லும் முறையைத் தொடங்கினர். இன்று நம் நாட்டில் நடைபெறும் நெடுந்தொலைவுப் பயணங்கள் அம்முறையைத் தழுவியவை: 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், யார் யாருடன் செல்வது என்பது அவரவர் விருப்பம். 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணமும் பந்தயமன்று. எனினும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நேரம் குறித்து ஏறவிட்டால், மனிதன் அயலானைத் திரும்பிப் பார்ப்பானா?

குருமடத்தில் நமக்குப் புகட்டிய பழைய பகுப்பு ஒன்று உண்டு: நீதியின்படி செலுத்த வேண்டியது வேறு, அன்பினால் கொடுப்பது வேறு. எட்டாமவருக்காக நிற்பது எதில் சேரும்? கணக்குப் பார்த்தால் அவரே கடனாளி. காலை முழுதும் பிறர் முதுகின் மறைவில் வந்தவர். ஆனால் கூட்டம் அழைத்திராவிட்டால், வானிலை அறிக்கையைப் படித்த பின் அவர் வீட்டைவிட்டே கிளம்பியிருப்பாரா? 'வாருங்கள்' என்று சொன்ன நாவே கடன்பட்டுவிட்டது. ஆகவே நிற்பது பெருந்தன்மை அன்று. வாக்குச் சுத்தம் என்போம்.

ஆனால் கடனைச் செலுத்தும் முறை ஒன்றுண்டே. நனைந்தவன் நின்றால் உடற்சூட்டை இழப்பான். மரத்த விரலால் இறக்கத்தில் தடையைப் பிடிக்க இயலாது. மழையில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் தடை, முதல் சுற்றில் நீரைத் துடைப்பதோடு சரி.

தொடக்க நூலில் யாக்கோபும் ஏசாவும் சமாதானமாகி, சேர்ந்து பயணம் செல்லலாம் என்று ஏசா அழைக்கும் இடம் நமக்கு நினைவில் வந்தது. பிள்ளைகள் இளையோர், ஆடுமாடுகளோ கன்றுகளுடன் இருப்பவை, விரட்டினால் மடிந்துவிடும், நீர் முன்னே போம் என்கிறார் யாக்கோபு. மெதுவாகச் செல்வோருக்காக எழுந்த அழகான வேண்டுகோள் இது என்று மறையுரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் சேயிருக்கு வருவதாகச் சொன்ன யாக்கோபு, அடுத்து சுக்கோத்துக்கல்லவா போய்விட்டார்! 'நீங்கள் போங்கள், நான் வருகிறேன்' என்பதில் அச்சமும் இருக்கலாம். பிறர் காத்திருப்பதையே தாங்க முடியாத மனமும் இருக்கலாம்.

எட்டாமவர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கியவர், முழங்காலில் சேறும் இரத்தமும். அவர் முதற்சொல் நன்றி அன்று. "ஏம்ப்பா நின்னீங்க?" என்று சினந்தார். குஞ்சப்பனையில் கை மரத்துப்போனதாம். ஒரு கடையில் ஒதுங்கியிருப்பாராம். நீங்கள் நிற்பீர்களே என்று ஒதுங்காமல் வந்தாராம். வளைவுக்கு முன் சிறு இறக்கத்தில் வேகமாக விட்டு, உதிர்ந்த இலைமேல் சறுக்கியிருக்கிறார். மூத்தவர் தலைகுனிந்து நின்றார். எங்கே சந்திப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று கீழேயே பேசி வைத்திருக்கலாம் என்றார் வேறொருவர். பேசியிருக்கலாம்தான். அப்படிப் பேசிவிட்டால், பிரிந்து போவதும் கைவிடுவது ஆகாதே.

இளையவன் எதுவும் பேசாமல் தன் குவளையை அவரிடம் நீட்டினான். கடைக்காரர் வெந்நீரும் பழந்துணியும் கொடுத்தார்; காசு வாங்க மறுத்துவிட்டார். நமக்கும் சேர்த்து மறுத்தார் என்பதைச் சற்று வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம்.

மரம் அகற்றப்பட்டதும் வண்டி புறப்பட்டது. கோத்தகிரிக்குச் சற்று முன்பாக அவர்களைக் கடந்தோம். காயம்பட்டவர் முதலில் சென்றுகொண்டிருந்தார். மற்ற எழுவரும் அவர் வேகத்திற்குத் தம் வேகத்தை அடக்கிக்கொண்டு பின்னே வந்தனர். இளையவன் கடைசியில் இருந்தான். அவனுக்கு இன்னமும் குளிர் விட்டிருக்காது.