நோய் முன்வினைப் பயனா?

நம் குடும்பங்களில் ஒருவர் காசத்தாலோ நீரிழிவாலோ வாதத்தாலோ படுக்கையுற்றால், காண வரும் உறவினர் சொல்லும் முதற்சொல் பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் முன் செய்த வினை." ஆறுதலாகவே அச்சொல் கூறப்படுகின்றது. ஆயினும் அது நோயாளியைக் குற்றவாளியாக்குகின்றது. சுற்றத்தாரின் கடமையைத் தளர்த்துகின்றது. மருந்துண்பது வீணென்னும் எண்ணத்தை விதைக்கின்றது. திரிசரணம் ஏற்ற நாம் இச்சொல்லை ஒப்பலாகுமா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இக்கேள்வி ததாகதரிடமே கேட்கப்பட்டதாகும். இராசகிருகத்தில் மோலிய சிவகர் என்னும் பரிவிராசகர், மாந்தர் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன்வினையால் வருவனவே என்று சிலர் கூறுகின்றனரே, இதுபற்றிப் பகவான் கருதுவது யாது என வினவினார். பகவான் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றும் கூடியது, பருவ மாறுதல், உடலை முறையாகப் பேணாமை, பிறரால் நேரும் தாக்குதல் ஆகிய ஏழையும் கூறிய பின்னரே வினைப்பயனை எட்டாவதாக வைத்தார். யாவும் முன்வினையே என்போர் தாமே கண்டறிந்ததையும் உலகம் மெய்யென ஒப்பியதையும் கடந்து பேசுகின்றனர் என்றும் தெளிவுறுத்தினார். சங்யுத்த நிகாயத்தில் இதனைக் காணலாம். பித்தமும் வாதமும் அக்கால வைத்தியரின் மொழி. இக்கால வைத்தியர் வேறு பெயர்களால் கூறுவர். ஆயினும் நோயின் காரணத்தை உடலிலும் பருவத்திலும் பழக்கத்திலும் பிறர் செயலிலும் தேடுக என்னும் நெறி அன்றும் இன்றும் ஒன்றே.

பஞ்சாலையில் உழைத்த நாம் இவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டுள்ளோம். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல்லாண்டு நின்றவர்க்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகும்; மூச்சு முட்டும். நாட்பட நாட்பட எல்லா நாளும் அவ்வாறேயாகும். காரணம் பஞ்சுத் தூசி. அயோத்திதாசப் பண்டிதர் காலந்தொட்டே நம் சங்கம் வேரூன்றிய கோலார் தங்கவயலிலோ, பாறை துளைத்தோர் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாயிற்று. சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நுரையீரலில் விழுந்த வடுவோ ஆறுவதில்லை. அவ்வடு உள்ளாரைக் காசமும் எளிதில் பற்றும். ஒரே குழியில் இறங்கியோர் அனைவரும் முற்பிறப்பில் ஒரே பாவத்தைச் செய்தவர்களோ? நீர் பாய்ச்சித் துளைத்தால் தூசி அடங்கும். தூசி அடங்கினால் நோய் குறையும். நீரால் குறையும் ஒன்றை வினை என்பது எங்ஙனம்? பழியை வினைமேல் ஏற்றிவிட்டால், தூசியை அடக்கக் கடமைப்பட்டவர் கேட்பாரின்றித் தப்பிவிடுவர்.

இழிந்த பிறப்பு முன்வினையால் வந்தது என்றே நம் முன்னோர்க்கும் கூறப்பட்டது. அதனை மறுத்தன்றோ தம்மத்தைத் தழுவினோம்! ஏழ்மையையும் தாழ்வையும் பழவினையின் தலையில் ஏற்றும் கொள்கை, அரசும் சமூகமும் தம் பொறுப்பினின்றும் நழுவ வழி செய்யும் என்பதை, 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் போதிசத்துவர் அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். அவரும் நெடுங்காலம் நீரிழிவால் வருந்தியவரே. பிறப்பில் மறுத்த கொள்கையை நோயில் மட்டும் ஒப்புதல் முறையாகுமா?

எட்டாவது காரணம் வினைப்பயன் என்று பகவானே கூறினாரன்றோ எனச் சிலர் தடை எழுப்பலாம். தக்க வினாவே. ஆனால் இன்ன நோய் இன்ன வினையின் பயன் என்று அறிந்து கூற நம்முள் யாருக்கு இயலும்? வினையின் விளைவு எண்ணி முடிவு காணத் தகாதது என்று ததாகதரே கூறியுள்ளார். எட்டாவதே காரணமாயினும் நம் கடமை மாறுவதில்லை. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். தம்மால் பிறர்க்குப் பயனில்லாமையால் ஒருவரும் தம்மைப் பேணவில்லை என்றார் அப்பிக்கு. பகவான் அவர் முன்வினையை ஆராயவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்து, இருவருமாகக் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தமக்குப் பணிபுரிய விரும்புவோர் நோயுற்றோர்க்குப் பணிபுரிக என்று பணித்தார்.

அவ்விடத்திலேயே நோயாளிக்குரிய இயல்புகளையும் வகுத்தார்: உடலுக்கு ஏற்றதைச் செய்தல், அளவறிதல், மருந்துண்ணல், உற்றதை மறையாது கூறுதல், நோவைப் பொறுத்தல். தீராது உடன்வாழும் நோய்கட்கு இவ்வைந்தும் இன்றும் பொருந்தும். இரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வலியின்றி வளர்வது. 140க்கு 90 என்னும் அளவைத் தொட்டும் உணராதார் பலர். ஆதலால் அளந்து பார்ப்பதே அறியும் வழி. வெறும் வயிற்றில் சர்க்கரை 126க்குக் குறையாது நின்றால் நீரிழிவென்பர். அஃதுடையார் நாடோறும் தம் பாதங்களைப் பார்த்தல் வேண்டும், மரத்த காலில் புண் தெரியாதாகலின். காசத்திற்கு வழக்கமான மருந்து ஆறு திங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றது. இருமல் நின்றதென்று இடையில் விடுவோர்க்கு, மருந்துக்கு அடங்காத காசம் தோன்றும்.

உணவின் அளவிற்குக் கோசல மன்னர் பசேனதியின் செய்தி சான்று. மிகையாக உண்டு மூச்சு வாங்க வந்த அவர்க்குப் பகவான் அளவின் நன்மையைக் கூறினார். உண்ணும்தோறும் அதனை நினைவூட்ட இளைஞர் ஒருவரை மன்னர் நியமித்தார்; படிப்படியாக நாழிச் சோற்றில் நின்றார். நம் வீட்டிலும் நினைவூட்டுவார் ஒருவர் வேண்டும். அவரைச் சினவாதிருத்தலும் நோயாளியின் சீலமே.

அன்பர்களே! அடுத்த பௌர்ணமியில் கூடும்போது, வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்போம். நோயுற்றாரிடம் முன்வினை பேசாது, மருந்து உண்டீரா, மருத்துவமனைக்குத் துணை வேண்டுமா என்று வினவுவோம். ஆனந்தர் கொணர்ந்த அத்தண்ணீரை நாமும் சுமப்போமாக.