மூத்தவர் மாணவராகும்போது

அறுபது வயதைத் தாண்டியவர் முதன்முறையாகக் கணினி முன் உட்காரும்போது, சொல்லித்தர வருபவர் பெரும்பாலும் பேரன், பேத்தி, இல்லையென்றால் பக்கத்துத் தெருப் பிள்ளை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற கேள்விக்கு முன்பே இங்கே வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. வயதில் மூத்தவர் இளையவருக்கு மாணவராகலாமா? ஆகலாம் என்றால், எங்கே பணிய வேண்டும், எங்கே பணியவே கூடாது? சைவ மரபு இவற்றைக் கதைகளாக அலசியிருக்கிறது. அக்கதைகளில் சில காரைக்கால் மண்ணோடு ஒட்டியவை.

வயதும் அறிவும்

புறநானூற்றின் 183ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஒரு குடியில் பலர் பிறந்திருந்தாலும் அரசு மூத்தவனைத் தேடிப் போகாது, அறிவுள்ளவன் காட்டும் வழியில்தான் போகும் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. சுவாமிமலைத் தலவரலாற்றில் பிரணவத்தின் பொருளை மகன் முருகன் சொல்ல, தந்தை சிவன் கேட்கிறார். குருவின் இடம் தெரிந்தவருக்கு உரியது, முன்னே பிறந்தவருக்கு அல்ல என்பதே இரண்டின் முடிவும்.

இதனால் மூத்தவரின் மதிப்பு குறைகிறதா? அப்பர், சம்பந்தர் வரலாறு இதற்கு விடை தருகிறது. அப்பராகிய திருநாவுக்கரசர் முதிர்ந்தவர், சம்பந்தர் பிள்ளை. திருப்பூந்துருத்திக்கு வந்த சம்பந்தரின் சிவிகையைத் தாங்கியவர்களோடு நாவுக்கரசரும் தோள் கொடுத்தார். அதை அறிந்ததும் சம்பந்தர் பதறிக் கீழே இறங்கி அவரை வணங்கினார். பெரியவர் பணிந்தார், அதைத் தன் உரிமையாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளவில்லை. அறிவுக்குக் காட்டும் மரியாதையும் வயதுக்குக் காட்டும் மரியாதையும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லை. கணவனே மனைவியின் காலில் விழுந்ததைச் சொல்லும் காரைக்கால் அம்மையார் வரலாறு பிறந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல.

ஆகவே இந்தக் கல்வியில் இருவருக்கும் கடமை உண்டு. மூத்தவர் தெரியாததைத் தெரியாது என்று கேட்க வேண்டும். இளையவர், “குடுங்க தாத்தா, நானே பண்ணிடறேன்” என்று மவுசைப் பிடுங்கக் கூடாது. மவுஸ் கற்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். சொல்லித்தருபவரின் வேலை வாயால் சொல்வதோடு முடிந்துவிட வேண்டும். பத்து நொடியில் முடிகிற வேலைக்குப் பத்து நிமிடம் ஆனாலும் காத்திருப்பதே அவருக்குரிய பணிவு.

கருவியின் எல்லை

காரைக்காலுக்கு மேற்கே உள்ள திருத்தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய தாயாரின் ஊர். சம்பந்தர் பதிகங்களின் சிறப்புக்குப் பாணர் வாசித்த யாழே காரணம் என்று அவ்வூர் உறவினர் பேச, பாணர் மனம் நொந்தார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடும்படி அவரே கேட்டுக்கொள்ள, சம்பந்தர் பாடினார். எவ்வளவு முயன்றும் பாணரால் அதை நரம்பில் கொண்டுவர முடியவில்லை. கருவியை உடைக்கவே போய்விட்டார். சம்பந்தர் தடுத்தார், யாழுக்கு அடங்குகிற அளவில் வாசித்தால் போதும் என்று சொல்லி அதைத் திருப்பித் தந்தார். அந்தப் பதிகத்தை யாழ்மூரி என்கிறார்கள். அத்தலத்து இறைவனும் யாழ்மூரிநாதரே.

குறை வாசிப்பவரிடம் இல்லை, கருவிக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அக்கதை தரும் தெளிவு. கணினி படிக்க வரும் முதியவர் இதற்கு நேர்மாறாக எண்ணுகிறார். “இந்த வயசுல இதெல்லாம் மண்டையில ஏறாது” என்று குறையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். திரையின் எழுத்தளவும் மவுசின் வேகமும் இளங்கண்ணுக்கும் இளங்கைக்கும் ஏற்றபடி வைக்கப்பட்டவை. அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

டபுள் கிளிக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைத் திறக்க இடப்பக்கப் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்ட வேண்டும். விரல் நடுங்கினால் இரண்டு தட்டுக்கும் நடுவே மவுஸ் சற்று நகர்ந்துவிடும். கோப்பு திறக்காது, சில நேரம் இடம் மாறியும் போய்விடும். ஒருமுறை மட்டும் தட்டிக் கோப்பைத் தேர்ந்து, விசைப்பலகையில் என்டர் விசையை அழுத்தினால் அதே வேலை நடக்கும். இரண்டு தட்டுக்கு இடையே கூடுதல் நேரம் கிடைக்கும்படி அமைப்பிலும் மாற்றலாம். இணையப் பக்கத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பெரிதாகும். அதே விசையோடு சுழியத்தைத் தட்டினால் பழைய அளவு வரும்.

தவறாக ஏதாவது அழிந்துவிடுமோ என்ற அச்சமே பலருடைய கையைக் கட்டிப்போடுகிறது. எழுதும்போது நேர்ந்த பிழையைக் கன்ட்ரோலும் இசட்டும் சேர்ந்து திரும்பப் பெற்றுத் தரும். வன்தட்டிலிருந்து நீக்கிய கோப்பு பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னில்தான் கிடக்கும்.

எழுதிப் படித்தல்

காரைக்கால் கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோயிலே தேவாரத் தலமான திருத்தெளிச்சேரி. சம்பந்தர் இங்கே வழிபட்டபின் போதிமங்கைக்குப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அங்கே சாரிபுத்தன் என்ற பௌத்தரோடு வாதிட்டு வென்றவர் சம்பந்தர் அல்லர். அவர் பாடப் பாட ஏட்டில் எழுதிவந்த சம்பந்த சரணாலயர். கேட்டதைக் கையால் எழுதி எழுதி, பொருளும் அவர் வசமாகியிருந்தது என்று இதைப் படிக்க இடமுண்டு.

முதிய கற்பவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஒரு நோட்டில், ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை என்று தம் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். “மகனுக்கு மின்னஞ்சல் அனுப்புவது” என்று தலைப்பிட்டு, படிகளை எண்ணிட்டு எழுதினால், மறுநாள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வேலையைச் செய்து பழகுவது, ஒரே நாளில் பத்தைக் கேட்டு வைப்பதைவிட மேல்.

தமிழில் எழுத, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் அமைந்துள்ளன. அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சு பழகியவர் அதே பழைய அமைப்பைக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம். நாற்பது ஆண்டுக்கு முன் பழகிய விரல் அங்கே வீண்போவதில்லை.

நம்பிக்கையும் விழிப்பும்

பணிவு எங்கே நிற்க வேண்டும் என்பதே கடினமான கேள்வி. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடத்தில் வந்தான். சுவடிக் கட்டுக்குள் கத்தி இருந்தது. எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். தனியே இருந்துதான் கேட்க வேண்டும் என்று சொல்லி அரசியை விலகச் செய்தான். பிறகு குத்தினான்.

இன்று முதியவர்களுக்கு வரும் மோசடி அழைப்புகளின் அமைப்பும் இதுதான். மதிப்புக்குரிய வேடம், வங்கி அதிகாரியாகவோ காவல்துறையாகவோ. அரிதான, அவசரமான செய்தி ஒன்று. கூடவே, “யாரிடமும் சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள்” என்ற கட்டளை. தனிமையைக் கேட்பதுதான் இவற்றுள் தெளிவான அடையாளம்.

ஏமாந்த நாயனாரை மரபு போற்றுகிறதே என்று கேட்கலாம். அவர் வணங்கியது சிவவேடத்தை. அந்தக் கொள்கைக்காகத் தம் உயிரையே கொடுத்தார். ஓய்வூதியப் பணத்தை அந்நியனிடம் இழப்பதில் அப்படிப்பட்ட கொள்கை எதுவும் இல்லை. முத்தநாதனையும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் வஞ்சகனாகவே காட்டுகிறார். கணினி பழகுபவர் பின்பற்ற வேண்டியது அக்கதையின் வாயில்காவலன் தத்தனை. இது தருணம் அல்ல என்று தடுத்தவன் அவன் ஒருவன்தான். யார் சொன்னாலும் அதன் உண்மையைப் பார்ப்பதே அறிவு என்று வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்கிறார்.

நடைமுறையில் இது சில விதிகளாகிறது. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவைக்கும் செயலியை அறியாதவர் சொல்லி நிறுவக் கூடாது. பணம் அனுப்புமுன் வீட்டார் ஒருவரிடம் கேட்க வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

போதும் என்ற அளவு

எவ்வளவு கற்க வேண்டும் என்பதைக் கற்பவரே முடிவு செய்யலாம். 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் வழியாக, ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை வீட்டிலிருந்தே தரலாம். கைரேகை தேய்ந்தவருக்கு முகத்தை அடையாளம் காணும் வழியும் உண்டு. அதுவும் வேண்டாதவர் வங்கிக்கு நேரில் போய்ச் சான்று தரலாம். கடல் கடந்த பிள்ளையோடு திரையில் பேசவும், தேவாரம் கேட்கவும், ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கவும் தெரிந்தால் ஒருவருக்குப் போதுமானதாக இருக்கலாம். இன்னொருவர் தம் ஊர் வரலாற்றையே தட்டச்சு செய்ய விரும்பலாம். பாணருக்குச் சம்பந்தர் சொன்னது இருவருக்கும் பொருந்தும்: இயன்ற அளவில் வாசிப்பது குறைவான வாசிப்பு ஆகாது.