மனநிறைவு யாருக்கான உபதேசம்?

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரில், பத்ம தீர்த்தக் குளத்தின் அருகே, ‘மேத்தன் மணி’ என்னும் பழைய கடிகாரம் உள்ளது. மணி அடிக்கும்போது தாடி வைத்த ஒரு முகம் வாய் திறக்கும். இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும். கோயிலின் உள்ளேயோ, 2011-இல் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகம் வியந்த செல்வம். ஒருபுறம் காலம், மறுபுறம் பொருள். நடுவில் உள்ள வீதியிலோ, ‘நேரம் இல்லை’, ‘பணம் இல்லை’ என்ற கவலையுடன் மனிதர்கள் விரைகிறார்கள்.

அத்தகைய அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக நகைகளை அடகு வைத்திருந்தார். அடுத்த தவணையும் நெருங்கிவிட்டது. ‘ஜபத்தில் மனம் நிற்கவில்லை, சுவாமி’ என்றார். ‘ஆசையைக் குறைத்துக்கொண்டால் மனம் தானே அடங்கும்’ என்றேன். அவர் வணங்கிவிட்டு மௌனமாகச் சென்றார். நான் கூறியது சாஸ்திரத்திற்கு முரணானதன்று. ஆயினும் அவருக்கு உரிய விடை அதுதானா?

இக்கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வெளிச்சம் கிடைத்தது. பொருளியல் அறிஞர்களான ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், உளவியல் அறிஞர்களான எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். கரும்பில் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் வரும். அறுவடைக்கு முன் கையில் காசில்லை. பின்னர் ஓரளவு வசதி. அதே மனிதர், அறுவடைக்கு முன் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார்; பணம் வந்தபின் தெளிவுடன் விடையளித்தார். அறிவு குறையவில்லை, கவலை அதை ஆக்கிரமித்திருந்தது. இத்தகைய முடிவுகள் எல்லா இடங்களிலும் பொருந்துமா என்ற விவாதம் பின்னர் எழுந்ததுண்டு. ஆயினும் நேரப்பஞ்சமும் பணப்பஞ்சமும் மனத்தை ஒரேவிதமாகச் சிறைப்படுத்துகின்றன என்னும் அவர்களது கருத்து சிந்திக்கத்தக்கது.

அப்படியானால் பணமே மகிழ்ச்சியா? அதுவும் இல்லை. கனடா நாட்டுச் சமூக உளவியல் அறிஞர் எலிசபெத் டன்னும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தி 2008-இல் வெளியிட்டனர். சிலருக்கு 5 டாலரும் வேறு சிலருக்கு 20 டாலரும் கொடுத்து, மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். தமக்காகச் செலவிட்டவர்களைவிடப் பிறருக்காகச் செலவிட்டவர்களே அதிக மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை 5 ஆனாலும் 20 ஆனாலும் வேறுபாடு தெரியவில்லை.

இரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இல்லாதவனுக்குப் பொருள் என்பது மனத்தின் விடுதலை. இருப்பவனுக்கோ, பொருளின் அளவைவிட அது செல்லும் திசையே மகிழ்ச்சியைத் தருகிறது.

பதஞ்சலி முனிவர் சந்தோஷத்தை, அதாவது மனநிறைவை, யமத்தில் வைக்கவில்லை, நியமத்தில் வைத்தார். அகிம்சை, சத்தியம் முதலிய யமங்கள் பிறரிடம் நாம் ஒழுகும் முறையைப் பற்றியவை. நியமமோ ஒருவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். எனவே மனநிறைவு என்பது நான் ஏற்க வேண்டிய விரதம். பிறருடைய வறுமைக்கு நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டு அன்று. அடுத்த வேளை உணவைப் பற்றிய கவலையற்ற ஒரு துறவி, கடன்பட்டவரிடம் ஆசையைக் குறைக்கச் சொல்வது எளிது. மகளைப் படிக்க வைக்க விரும்புவது ஆசையா, கடமையா என்று நான் கேட்கவே இல்லை! பாரதத்தின் அவசரத் தேவை மதமன்று, உணவே என்று சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோவில் முழங்கியதைப் பலமுறை படித்திருந்தும் மறந்துவிட்டேன்.

பணமில்லாத துறவியிடமும் கொடுக்க ஒன்று உண்டு, அது நேரம். அந்த அன்பர் மீண்டும் வந்தபோது நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. கல்விக்கடன் பற்றி நன்கறிந்த ஓர் அன்பரை வரவழைத்தேன். மூவரும் ஒரு மணி நேரம் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அதன்பின் அவரே, ‘சற்று நேரம் ஜபம் செய்துவிட்டுப் போகிறேன், சுவாமி’ என்றார்.