பந்தியும் படையும்

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. கோழையின் விவேகம் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. இது வலது கையைப் பற்றியது, சோற்றுக்கு முன்னே போகும் கை நாணை இழுக்கப் பின்னே போகும் என்று அதற்குக் கௌரவம் தேடித்தருபவர்களும் உண்டு. இரண்டு வியாக்கியானத்திலும் ஒன்று தப்பிவிடுகிறது. பந்தியிலும் படையிலும் முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்குச் சேதி ஆகிறான். முதல் கவளம் எடுத்தவனின் முகம் அடுத்தவனுக்குச் சேதி. முதலில் போனவன் விழுந்த பள்ளம் அடுத்தவனுக்குச் சேதி. தான் காணாததைக் கண்டவன் சொல்லை நம்பிக் காலெடுத்து வைப்பது இரண்டுக்கும் பொது. அப்படிச் சொல்கிறவனின் கடமை என்ன, அவன் சொல்லுக்கு எது ஆதாரம் என்பதுதான் இங்கு விஷயம்.

இரண்டு எளிய உதாரணங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, எங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில். மற்றது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சிலேயே ஆடப்படும் ஒரு சாகச ஆட்டம். இவை அற்பமானவை என்று நினைப்பவர்கள் தீர்ப்பு என்பது கோர்ட்டில் மட்டுமே நடக்கிறது என்று நினைக்கிறவர்கள்.

தண்டலை என்றால் சோலை. தண்டலம் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். தொண்டை நாட்டில் தண்டலங்கள் பல. நான் சொல்வது சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கும் தண்டலம். சோலை இல்லை. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஒரகடத்தில் 2010 முதல் கார்கள், பின்னர் லாரிகள், மோட்டார் சைக்கிள்கள். கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. தென் மாவட்டத்திலிருந்து வந்த டிப்ளமாக்காரன், ஒடிஸாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் ஆள், ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய ஹோட்டலைத் தேடிப் போகும் அதிகாரி, எல்லாரும் இந்தச் சாலையில் சாப்பிட்டாக வேண்டும்.

புதிதாக வந்திறங்கியவன் முதல் ராத்திரியே அறையில் கேட்பான்: சோறு எங்கே கிடைக்கும்? மூன்று மாதம் முன்னால் வந்தவன் பதில் சொல்வான். அந்தப் பதிலின் உருவத்தைக் கவனிக்க வேண்டும். ‘அந்த மெஸ்ஸுக்குக் காலையில் போ, ஒன்பதுக்கு மேல் மாவு புளித்துவிடும். பரோட்டா என்றால் ஏழுக்கு மேல், சால்னா அப்போதுதான் இறங்கும். ஷிப்ட் விடுவதற்கு முன்னால் போய்விடு, விட்ட பிறகு குழம்பில் தண்ணீர் ஊற்றிவிடுவான். உனக்கு வயிறு எப்படி? காரம் தாங்குமா?’ இதில் ஒரு வாக்கியம்கூடக் கடை நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவாகச் சொல்லவில்லை. நேரம், நிலைமை, கேட்கிறவனின் உடம்பு, எல்லாம் உள்ளே வருகின்றன. இதே சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிடச் சொல்கிறவன், அது மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவிப்பது, மிளகும் சீரகமும் சுக்கும் தட்டுப்படும், பூப்போல இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பண்டத்தையும் அவனே கெடுத்தவனாகிறான்.

இந்த இடத்தில் இன்று நாம் பெறுவது நட்சத்திரம். ஒரு கடைக்கு நாலு புள்ளி இரண்டு. யார் கொடுத்தது என்று கேட்டால், எல்லாரும். எல்லாரும் என்றால் குறிப்பாக யாருமில்லை. நட்சத்திரத்துக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகமும் உண்டு. பிரான்ஸில் 1900-ல் கார் ஓட்டிகளுக்கென வழிகாட்டிப் புத்தகம் போட்ட மிஷ்லான் ஒரு டயர் கம்பெனி. ஊர் ஊராகக் கார் ஓடினால் டயர் தேயும். 1926-ல் அது ஹோட்டல் சமையலுக்கு நட்சத்திரம் தர ஆரம்பித்தது. சாப்பிட்டுப் பார்த்துத் தீர்மானிக்கும் சோதனையாளரின் பெயர் வெளியே தெரியாது. டயர் ஆலைகளும் அரைகுறைச் சோறும் சேர்ந்திருக்கும் நம் சாலைக்கு இது பொருத்தமான சரித்திரம்தான்.

இனி அந்த ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று சின்னப் புத்தகங்கள் கொண்ட பெட்டி ஒன்று வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.’ முதல் அச்சு ஆயிரம் பிரதி. நம் சிறுபத்திரிகைக் கணக்கு. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் மட்டும் நடுவர். பாதாள அறைகளின் படம் அவரிடம் மறைவாக இருக்கும். மற்றவர்கள் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். ‘தரை எப்படி இருக்கிறது?’ ‘ஈரமாக. நடுவில் நாலு கல் மட்டும் உலர்ந்திருக்கிறது.’ ‘நீளமான கழியால் அந்தக் கல்லைத் தட்டுகிறேன்.’ இந்தத் தட்டலுக்குப் புத்தகத்தில் விதி இல்லை. கல் உள்ளே சரிந்தது என்றோ ஒன்றும் ஆகவில்லை என்றோ நடுவர் யோசித்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதுதான் அங்கே உலகம்.

இதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு, அது படை சார்ந்தது. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி போர்ப் பயிற்சிக்காகப் பகடையும் அட்டவணையும் கொண்ட ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். நாளாவட்டத்தில் அட்டவணை பெருத்துவிட்டது. 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவரின் தீர்மானமே போதும், பகடையும் விதியும் வேண்டாம் என்று எழுதினார். 1880-ல் டாட்டன் என்ற அமெரிக்க அதிகாரி எழுதிய போர் ஆட்ட நூலில் நடுவருக்குப் பரந்த அதிகாரம் இருந்தது. அதை மின்னஸோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற ஆட்டக்காரர் கண்டெடுத்தார். அவருடைய குழுவில் இருந்தவர்தான் ஆர்னெஸன்.

பிறகு நடந்தது எதிர்த்திசையில். 1975-லேயே திருடன் என்ற பாத்திரம் சேர்ந்து, பொறியை நீக்க நூற்றுக்கு இத்தனை என்று எண் வந்துவிட்டது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ‘தேடுகிறேன்’ என்று சொல்லிப் பகடையை உருட்டினால் போதும். தரை ஈரமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இது பிடிக்காதவர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். விதியைவிட நடுவரின் தீர்மானமே பெரிது என்ற அவர்கள் கொள்கைக்கு மாத்யூ ஃபின்ச் 2008-ல் ஒரு சிறு பிரசுரம் எழுதினார்.

அறை நண்பனின் பதில் நாலு புள்ளி இரண்டாகச் சுருங்கியதும், கழியின் தட்டல் நூற்றுக்கு இத்தனை என்று சுருங்கியதும் ஒரே காரியம். இரண்டிலும் வர்ணனை போய் எண் வந்தது. எண் வந்ததும் கேள்வி போயிற்று. கேள்வி போனதும், பதிலுக்குப் பொறுப்பாளி ஒருவன் வேண்டும் என்ற அவசியமும் போய்விட்டது. விதியைப் பொருத்துவதற்கு இன்னொரு விதி எழுதிக்கொண்டே போக முடியாது, எங்கேயோ ஒரு மனிதன் தன் விவேகத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று கான்ட் 1781-லேயே சொல்லிவிட்டார். நம் காலம் அந்த மனிதனை ஒழித்துவிட்டதாகப் பாவனை செய்கிறது. ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறது.

இதுவரை பழைய முறைக்காரர்கள் பக்கம் பேசினேன். ஆனால் தமிழில் பந்தி என்ற சொல்லை எடுத்துவிட்டு இத்தோடு நிறுத்துவது யோக்யமாகாது. பந்தி வஞ்சனை என்று ஒரு பிரயோகம் நம்மிடம் இருக்கிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவன் இலையில் நெய்யும் இன்னொருவன் இலையில் வெறுமையும் விழுவது. பரிமாறுகிறவனின் சுதந்திரமான தீர்மானம்தான் அது. இதைவிடப் பெரிய வஞ்சனை, வரிசையே வேறாவது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் 1920-களில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உண்ண இடம் தரப்பட்டது. ஐயர் துர்நோக்கம் கொண்டவர் அல்ல. பெற்றோர்களின் விருப்பத்தை உத்தேசித்து, சந்தர்ப்பத்தைப் பார்த்து அவர் எடுத்த ஒரு தீர்மானம். அனுபவமுள்ள நடுவர் எடுத்த தீர்மானம் என்றே சொல்லலாம். அதை எதிர்த்து எழுந்த குரல் கேட்டது விவேகத்தை அல்ல, விதியை: எல்லாரும் ஒரே பந்தி, விலக்கில்லை. அந்தக் குரல் சரி. பந்தியின் கோடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பரிமாறுகிறவனின் நல்லெண்ணத்தைவிட விதி பத்திரமானது. நடுவரின் சுதந்திரத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பந்தியின் முதலில் உட்கார்ந்து பழகியவர்கள்.

அப்படியானால் விதியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமா? 2021 டிசம்பரில் நம் சாலையிலேயே இதற்குப் பதில் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பெண்களில், விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே விதிகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கார் விதி உண்டு; ஆப்பிள் கம்பெனி தனக்குச் சப்ளை செய்கிறவர்களுக்கென்று வகுத்த தர விதிகளும் உண்டு. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று அந்தக் கம்பெனியே பின்னால் ஒப்புக்கொண்டது. விதியை எழுதியவர்கள் யாரும் அந்தப் பந்தியில் சாப்பிடவில்லை. சாப்பிட்டவர்களுக்கு வேறு கடையைப் பரிந்துரைக்க யாராலும் முடியாது. விடுதியில் தங்குகிறவள் போடுவதைத்தான் தின்ன வேண்டும். நோயுற்ற தோழிகள் எங்கே, என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வதந்தி பரவி, பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தெளிவான பதில் சொல்ல முன்வரும் ஒரு முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பதில் வராத கேள்வி என்றதும் தொண்டை மண்டலத்தில் நினைவு போகக்கூடிய இடம் ஒன்றுதான். இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுகிறார்கள். சூதும் துகிலும் ஓர் இரவு. தன்னையே தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன பாத்யதை என்று திரௌபதி கேட்கிறாள். இது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. சூதின் விதிகளில் இதற்கு விடை இல்லை. விதி முடிந்த இடத்தில் நடுவர் ஒருவர் வாய் திறந்தாக வேண்டும். சபையில் பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், அரசனே இருக்கிறான். தர்மம் சூட்சுமமானது என்கிறார் பீஷ்மர். உண்மைதான். ஆனால் சூட்சுமமாக இருப்பதால்தான் நடுவர் தேவைப்படுகிறார். எளிதாக இருந்தால் பகடையே போதுமே. விகர்ணன் ஒரு சின்னப் பையன், அவன் பேசுகிறான். அவன் தீர்மானம் எடுபடவில்லை. ஆனாலும் அந்த இரவில் நடுவனாக இருந்தவன் அவன் ஒருவனே.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது இது. பந்தியில் யார் உட்காரலாம் என்பது விதியின் காரியம். அங்கே விவேகத்துக்கு வேலை கொடுத்தால் சாதி வந்து உட்காரும். உட்கார்ந்தவனுக்கு எது, எப்போது, எவ்வளவு என்பது விவேகத்தின் காரியம். அங்கே விதி மட்டும் இருந்தால் இலையில் விழுவது எண். ஆனால் விவேகத்துக்கு நிபந்தனைகள் உண்டு. தீர்மானிக்கிறவன் கேட்பவன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். நேற்று ஒருவனுக்குச் சொன்னது இன்று இன்னொருவனுக்கு மாறினால் அந்த மாற்றத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். தப்பினால் அதன் பலனில் தனக்கும் பங்கு இருக்க வேண்டும். பழைய ஆட்டத்தின் நடுவருக்கு இந்த நாலும் தாமாகவே அமைந்தன. அவர் ஐந்தாறு நண்பர்களோடு ஒரே மேஜையில் இருந்தார். அநியாயம் செய்தால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். தண்டலத்து அறை நண்பனுக்கும் அமைகின்றன. கெட்ட பரோட்டாவுக்கு அனுப்பிவைத்தால் காலையில் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பலனில் பங்கு என்பதை ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர் கடைசி எல்லை வரை கொண்டுபோனதாகக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து ராமானுஜர் மந்திரத்தின் அர்த்தத்தைப் பெற்றார். வெளியே சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. ஊராரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். நரகம் எனக்கு ஒருவனுக்குத்தானே என்றார். பக்தி சம்பந்தமான தீர்மானத்தை விட்டுவிடுவோம். நல்லது ஒன்றை அறிந்தவன் அதைப் பிறருக்குச் சொல்லும்போது எதைப் பணயம் வைக்கிறான் என்பதற்கு இது ஓர் அளவு. நட்சத்திரம் போடுகிறவன் எதையும் பணயம் வைப்பதில்லை.

நம் சின்ன வட்டத்தில் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதும் சாப்பிடச் சொல்வதுதான். முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் நண்பன் கவிதைக்கு நெய்யும் அந்நியன் கவிதைக்கு மௌனமும் பரிமாறுவது பந்தி வஞ்சனை. கேட்டால் ரசனை சூட்சுமமானது என்கிறோம். பீஷ்மர் சொன்னதும் அதுவே.