திருவுளச்சீட்டு

நினைவிழந்து கிடப்பவருக்கு இரண்டில் எந்த மருந்தைக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாமா? இதய அறுவை, தீவிர சிகிச்சை ஆய்வுகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது. உயிரோடு விளையாடும் பாவம் என்று பலருக்குத் தோன்றும். சோதிக்காத மருந்தை நம்பிக்கையோடு கொடுப்பதே பெரிய பாவம் என்பது என் எண்ணம். உதாரணமாக, சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியம், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் காசநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் 1928இல் எழுந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீட்டில் குறைந்த ஊட்டத்தோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

இன்னொரு உதாரணம்: இதய அறுவையில் ரத்த அழுத்தம் சரிந்தால் டிரிப்ஸில் ஏற்றிய திரவங்களில் ஸ்டார்ச் கரைசலும் ஒன்று. உப்புநீர் ரத்தக்குழாயை விட்டுச் சீக்கிரம் கசிந்துவிடும், ஸ்டார்ச் தங்கும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதை ஆதரித்து எழுதிக் குவித்த ஜெர்மன் மயக்க மருத்துவர் யோவாகிம் போல்ட்டின் கட்டுரைகளில் ஏறத்தாழ 90, முறையான நெறிக்குழு அனுமதி இல்லையென்று 2011இல் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டே ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடும் கிருமித்தொற்றோடு தீவிர சிகிச்சையில் இருந்த 798 பேரிடம் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு வெளியானது. 90 நாளில் இறந்தவர்கள் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 விழுக்காடு, மற்றத் திரவம் பெற்றவர்களில் 43 விழுக்காடு. கட்டிலருகே நிற்கும் எந்த மருத்துவரின் கண்ணுக்கும் இந்த வித்தியாசம் படாது. அவர் வார்டில் சிலர் பிழைப்பார்கள், சிலர் போய்விடுவார்கள்.

சம்மதம் சொல்ல முடியாதவரைக் கருவியாக்குகிறீர்களே என்பார்கள். சோதிக்காத ஸ்டார்ச்சை ஏற்றியபோதும் அவரை யாரும் கேட்கவில்லை. ஆய்விலோ குடும்பத்தாரைக் கேட்க வேண்டும், அவர் கண் விழித்ததும் அவரிடமும் சொல்ல வேண்டும். உயிர் ஆண்டவன் கையில் என்பவர்களும், தம் புத்திக்கு எட்டாதபோது சன்னிதியில் திருவுளச்சீட்டு எடுப்பவர்கள்தான். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் அந்தப் பணிவு மருத்துவருக்கும் வேண்டும். தெரிந்த பிறகும் குலுக்கினால் அது குற்றம். எனக்கு உறுத்தும் ஆட்சேபம் வேறு: அரசு மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ஏழைக் குடும்பம், மறுத்தால் வைத்தியம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறது. மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதைத் தமிழில், நிதானமாக, ஆய்வு நடத்தாத ஒருவர் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டிப் படுத்திருப்பவர்களும் அதே குலுக்கலில் பங்கேற்க வேண்டும்.